பழைய சிடி கேம்களை விண்டோஸ் 11-இல் ஓட வைப்பது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "புது லேப்டாப் வாங்கிட்டேன், பழைய கேம் எதுவும் ஓடலை, என்ன பண்றது?" பதிலுக்கு நான் கேட்பதும் ஒன்றுதான்: "பழைய கம்ப்யூட்டர் எங்கே?" எடைக்குப் போட்டாயிற்று என்று சொன்னால் வேலை இரண்டு மடங்கு.

தேவையான கருவிகள் அநேகமாக எல்லாமே இலவசம். வரிசை மாறினால்தான் சிக்கல். ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: இன்னும் உயிரோடு இருக்கும் பழைய கம்ப்யூட்டர், கேமின் அசல் சிடி, யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று (இப்போதைய லேப்டாப்களில் டிரைவ் வருவதில்லை), 64 ஜிபி பென்டிரைவ், அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். நோட்டு எதற்கு என்பது ஆறாவது படியில் புரியும்.

1. பழைய கம்ப்யூட்டரிலிருந்து சேவ்களை எடுங்கள்

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கேமை எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம், ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஆடிய சேவ் (விட்ட இடத்திலிருந்து தொடர கேம் எழுதிவைக்கும் கோப்பு) போனால் போனதுதான்.

சேவ் எங்கே இருக்கும் என்பது கேமின் வயதைப் பொறுத்தது. விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து கேம்கள் பெரும்பாலும் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவைக்கும். கொஞ்சம் பிந்தியவை மை டாக்குமென்ட்ஸுக்குள் எழுதும். இன்னும் பிந்தியவை ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் எழுதும். 'மறைந்த கோப்புகளைக் காட்டு' என்ற அமைப்பைப் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும்.

எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. விஸ்டாவிலிருந்து, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முயலும் பழைய கேமை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டர்தான் அந்த இடம். கேமுக்கும் இது தெரியாது, நமக்கும் தெரியாது. என் தம்பி கமாண்டோஸ் கேமில் வெகுதூரம் போய் வைத்திருந்த சேவ்களை நான் அழித்தது இப்படித்தான். புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதையும் நகல் எடுத்துவிட்டு நிம்மதியாக ஃபார்மட் அடித்தேன். சேவ்கள் விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்திருக்கின்றன. அந்தப் பேச்சு வீட்டில் இன்றும் ஓயவில்லை.

சேவோடு நிற்காமல், கேம் நிறுவப்பட்ட ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் செட்டப் ஓட மறுத்தால் இதுதான் கைகொடுக்கும். கூடவே சிடி உறையில் அச்சடித்த சீரியல் எண்ணை நோட்டில் எழுதுங்கள். உறை தொலைந்திருந்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் பட்டியலைத் திறக்கும் கருவி) அந்தக் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள். பல கேம்கள் சீரியலை அங்கே எழுதி வைத்திருக்கும். அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

ஸ்டீமில் வாங்கிய கேம்கள் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இருந்தால் ஒரு கூடுதல் விஷயம்: 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் செயலி விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கு ஆதரவு தருவதில்லை. சேவ்கள் தானாக இணையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பாமல் கையால் நகல் எடுங்கள்.

2. சிடியைக் கோப்பாக மாற்றுங்கள்

சிடியை ஒவ்வொரு முறை எடுத்துப் போடும்போதும் கீறல் விழ வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு முறை நன்றாகப் படித்துக் கோப்பாக்கிவிட்டால் அப்புறம் டிரைவே தேவையில்லை. படிக்க வைக்கும் முன் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடம் போகும் திசையிலேயே விழும். அப்படிப்பட்ட கீறலை டிரைவால் சரிக்கட்டிப் படிக்க முடியாது.

இம்ஜ்பர்ன் போன்ற நிரல் இதற்குப் போதும். எந்த வடிவத்தில் சேமிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 90-களின் கேம் சிடிகள் பலவற்றில் முதல் தடத்தில் கேமும் அடுத்தடுத்த தடங்களில் சாதாரண ஆடியோ சிடி போலப் பாட்டும் இருக்கும். ஐஎஸ்ஓ கோப்பில் தரவுத் தடம் மட்டுமே அடங்கும். கேம் ஓடும், பாட்டு வராது. "சவுண்ட் கார்டு பிரச்சினை" என்று ஒருவர் இரண்டு நாள் டிரைவர் மாற்றிக்கொண்டிருந்தார், காரணம் இதுதான். சிடியில் ஆடியோ தடம் இருந்தால் பின், கியூ என்ற இரட்டைக் கோப்பாகவே எடுங்கள்.

ஐஎஸ்ஓவை விண்டோஸ் 11-இல் இரண்டு முறை கிளிக் செய்தாலே திறக்கும். பின், கியூ கோப்புகளை விண்டோஸ் தானாகத் திறக்காது. அதற்கு ஆடியோ தடங்களையும் புரிந்துகொள்ளும் விர்ச்சுவல் டிரைவ் நிரல் ஒன்று தேவை.

3. கேம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக ஐந்தாவது, ஏழாவது படிக்குத் தாவுவார்கள். நோய் தெரியாமல் மருந்து சாப்பிடுகிற வேலை அது.

விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 64-பிட் விண்டோஸால் 16-பிட் நிரல்களை ஓட்ட முடியாது (பிட் எண் நிரலின் தலைமுறையைக் காட்டும்: 16 மிகப் பழையது, 64 புதியது). அதற்கான பகுதியே அதில் கிடையாது. 32-பிட் விண்டோஸ் 7-இலும், ஏன் 32-பிட் விண்டோஸ் 10-இலும்கூட அந்தப் பகுதி இருந்தது. 'முந்தாநாள் வரை ஓடியதே' என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

கண்டுபிடிக்க எளிய வழி: கேமின் முதன்மை எக்ஸ்இ கோப்பை (கேமைத் திறக்கும் கோப்பு இதுதான்) நகல் எடுத்து அந்த நகலை நோட்பேடில் திறங்கள். முழுக்கக் கிறுக்கலாகத்தான் தெரியும். முதல் இரண்டு எழுத்துகள் எப்போதும் எம், இசட். சில வரிகளுக்குள் பி, இ என்ற இரண்டு பெரிய எழுத்துகள் தெரிந்தால் அது விண்டோஸ் 95-க்குப் பிந்தைய நிரல். பழைய கேம் என்பதால் அநேகமாக 32-பிட்தான். என், இ தெரிந்தால் 16-பிட் விண்டோஸ் நிரல். இரண்டும் இல்லையென்றால் அநேகமாக டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) நிரல். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

இந்தச் சோதனையை செட்டப் கோப்புக்கும் தனியாகச் செய்யுங்கள். 95, 98 காலத்தில் கேம் 32-பிட்டாகவும் அதன் செட்டப் மட்டும் 16-பிட்டாகவும் வருவது சர்வசாதாரணம். செட்டப் ஓடவில்லை என்பதற்காகக் கேமே ஓடாது என்று முடிவுகட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

டாஸ் என்றால் நான்காவது படி. 16-பிட் என்றால் ஐந்து. 32-பிட் என்றால் நேராக ஆறு.

4. டாஸ் கேம்கள்: டாஸ்பாக்ஸ்

டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா போன்றவை இந்த வகை. உள்ளதிலேயே சுலபமான வகையும் இதுதான். டாஸ்பாக்ஸ் ஒரு பழைய கம்ப்யூட்டரையே நடித்துக்காட்டுவதால் வெளியே எந்த விண்டோஸ் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

சி டிரைவில் டாஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒவ்வொரு கேமுக்கும் எட்டு எழுத்துக்கு மிகாத, இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டர் வையுங்கள். டாஸுக்கு எட்டு எழுத்துதான் தெரியும். நீளமான பெயரை அது வெட்டிக் காட்டும்போது ஃபோல்டரே காணவில்லை என்று தோன்றும். சி டிரைவ் முழுவதையும் டாஸ்பாக்ஸுக்குள் இணைக்க வேண்டாம். உள்ளே ஓடும் நிரல் தவறாக எதையாவது அழித்தால் உண்மையான கோப்புகளே போகும்.

இணைக்கும் கட்டளை மவுண்ட். ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. அமைப்புக் கோப்பின் கடைசியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பகுதி இருக்கும், அதில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். சிடி தேவைப்படும் கேமுக்கு ஐஎம்ஜிமவுண்ட் கட்டளையில் கியூ கோப்பைக் காட்டுங்கள். பாட்டும் சேர்ந்தே வரும்.

ஒலி அமைப்பு கேட்டால் சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் எண்கள் இவை. கேம் பேய் வேகத்தில் ஓடினால் கண்ட்ரோலோடு எஃப்11, ஆமையாக நகர்ந்தால் கண்ட்ரோலோடு எஃப்12. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோலோடு எஃப்10. கடைசி விசையை நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். மவுஸ் தொலைந்ததும் பதறி பவர் பட்டனை அழுத்தியவர்கள் உண்டு.

5. செட்டப் மட்டும் 16-பிட் என்றால்

முதலில் சும்மா ஓட்டிப் பாருங்கள். நன்கு அறிமுகமான சில பழைய இன்ஸ்டால்ஷீல்டு செட்டப்களை விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32-பிட் பதிப்பை ஓட்டும். அது நடக்காவிட்டால்தான் மற்ற வழிகள்.

முதல் படியில் நகல் எடுத்த ஃபோல்டர் இருந்தால் செட்டப்பே வேண்டாம். ஃபோல்டரைப் புது இடத்தில் போட்டு எக்ஸ்இ கோப்பைத் திறங்கள். ரெஜிஸ்ட்ரி விவரம் கேட்கும் கேம் என்றால் எக்ஸ்போர்ட் செய்ததை இறக்க வேண்டும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரல்கள் சாஃப்ட்வேர் பகுதியை நேராகப் படிப்பதில்லை. அதற்குள் இருக்கும் வாவ்6432நோட் என்ற உட்பகுதியைத்தான் படிக்கும். 32-பிட் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததை அப்படியே இறக்கினால் கேமுக்குத் தெரியாத இடத்தில் போய் உட்காரும். நோட்பேடில் திறந்து, சாஃப்ட்வேர் என்ற சொல்லுக்கு அடுத்து அந்த உட்பகுதியின் பெயரைச் சேர்த்துவிட்டு இறக்குங்கள்.

நகல் இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள். ஓடிவிடிஎம் என்ற திறந்தமூல நிரல் 64-பிட் விண்டோஸிலும் 16-பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டும். செட்டப்புக்கு மட்டுமல்ல, கேமே 16-பிட் என்றாலும் இதுவே வழி. இல்லையென்றால் பத்தாவது படியில் சொல்லும் விர்ச்சுவல் எக்ஸ்பியில் (விண்டோஸ் 11-க்குள்ளேயே ஒரு ஜன்னலில் ஓடும் எக்ஸ்பி) நிறுவி, ஃபோல்டரை வெளியே எடுத்து வாருங்கள்.

6. 32-பிட் கேம்கள்: எங்கே நிறுவுவது, எதை மாற்றுவது

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவ வேண்டாம். சி டிரைவில் நேராக கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நிறுவுங்கள். காரணம் முதல் படியிலேயே தெரிந்திருக்கும்: விர்ச்சுவல்ஸ்டோர் விளையாட்டு இங்கே நடக்காது. கேம் தன் ஃபோல்டரில் தாராளமாக எழுதும், சேவ் எங்கே என்று தேடவும் வேண்டாம்.

நிறுவியதும் எதையும் மாற்றாமல் ஒருமுறை ஓட்டுங்கள். எதுவும் செய்யாமலே ஓடும் கேம்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஓடவில்லையென்றால் எக்ஸ்இ கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம். விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3 என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி, பலன் இல்லையென்றால் பழையபடி மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் டிக் அடித்தால் கேம் ஓடினாலும் எது வேலை செய்தது என்று தெரியாது, ஓடாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

இன்னொன்று: டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் சில நேரம் கேமைத் திறக்கும் லாஞ்சருடையது. கேமின் உண்மையான எக்ஸ்இ ஃபோல்டருக்குள் வேறு பெயரில் இருக்கும். அமைப்புகளை அதற்குத்தான் போட வேண்டும்.

"டைரக்ட்பிளே தேவை" (பழைய கேம்களின் நெட்வொர்க் ஆட்டத்துக்கான பகுதி அது) என்று விண்டோஸ் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் ரத்து செய்துவிட்டீர்களா? விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி கம்போனென்ட்ஸ் என்பதற்குள் அது இருக்கிறது, நீங்களே டிக் அடித்துக்கொள்ளலாம்.

7. திரை கறுப்பு, நிறம் கோணல், கோப்பு காணோம்

2000-களின் நடுவில் வந்த கேம்கள் 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் ஏதோ ஒரு டிஎல்எல் (நிரலுக்கான துணைக் கோப்பு) இல்லை என்று நின்றுவிடும். கேம்கள் படமும் ஒலியும் காட்டப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ், அதுவும் 12-ஆம் பதிப்பு, விண்டோஸ் 11-இல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் இந்தத் துணைக் கோப்புகள் அதோடு வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம், 2010 ஜூன் பதிப்பை நிறுவினால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். விண்டோஸில் உள்ள புதியது எதையும் அது அழிக்காது. காணாமல் போன ஒரே ஒரு டிஎல்எல்லைத் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்க வேண்டாம். வைரஸ் வரும் ராஜபாட்டை அது. ஒன்றைப் போட்டால் அடுத்தது இல்லை என்று கேட்கவும் செய்யும்.

நிறக் கோளாறு வேறு ரகம். 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐப் பிற்கால விண்டோஸில் ஓட்டியவர்களுக்கு ஊதா நிறத் தண்ணீரும் சிவப்புப் புல்லும் நினைவிருக்கும். அந்தக் கேம்கள் 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துப் படம் வரைகின்றன. டெஸ்க்டாப் குறுக்கே புகுந்து அந்தப் பட்டியலைக் கலைத்துவிடும்போது நிறங்கள் இடம் மாறுகின்றன.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் வகை நிரல்கள் உண்டு. பழைய கேம் பேசும் கிராஃபிக்ஸ் மொழியை இன்றைய கார்டுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்பவை. டூ-டி கேம்களுக்கு சிஎன்சி-டிடிரா. த்ரீ-டி கேம்களுக்கும், 90-களின் வூடூ கிராஃபிக்ஸ் கார்டுக்காக எழுதப்பட்ட கிளைடு கேம்களுக்கும் டிஜிவூடூ2. இரண்டிலும் முறை ஒன்றுதான்: அவற்றின் டிஎல்எல் கோப்புகளைக் கேமின் எக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும். சிஸ்டம்32-க்குள் வைக்கவே கூடாது. அங்கே வைத்தால் மற்ற நிரல்களும் அதன் கையில் சிக்கும்.

டிஜிவூடூவில் எல்லோரும் இடறும் இடங்கள் மூன்று. ஒன்று, விண்டோஸ் 64-பிட் என்பதால் 64-பிட் டிஎல்எல்லை எடுப்பது. கேம் 32-பிட், ஆகவே எக்ஸ்86 என்ற ஃபோல்டரில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு, ஆறாவது படியில் போட்ட கம்பாட்டிபிலிட்டி டிக்குகளை எடுக்காமல் விடுவது. இருவர் ஒரே நேரத்தில் மொழிபெயர்த்தால் குழப்பம்தான், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். மூன்று, அது வேலை செய்கிறதா என்றே பார்க்காமல் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பது. அதன் கட்டுப்பாட்டு நிரலில் டைரக்ட்எக்ஸ் பக்கத்தில் வாட்டர்மார்க் என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுக் கேமை ஓட்டினால் திரை மூலையில் அதன் சின்னம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் டிஎல்எல் தவறான இடத்தில் இருக்கிறது. தெரிந்ததும் எடுத்துவிடலாம்.

8. சிடி போட்டும் "சிடியைப் போடு" என்றால்

இங்கே மட்டும் உங்கள் பக்கம் தவறு எதுவும் இல்லை. 1990-களின் கடைசியிலிருந்து பத்து வருடம் வந்த பல கேம்களில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்ற நகல் தடுப்புகள் இருந்தன. சேஃப்டிஸ்க் தன் டிரைவரை விண்டோஸின் மையப்பகுதிக்குள் ஓட்டும். அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. 2015 செப்டம்பரில் ஒரு அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கியது. அசல் சிடியே இருந்தாலும் கேம் திறக்காது.

கம்பாட்டிபிலிட்டி டிக்குகள் இதற்கு உதவாது, மெனக்கெட வேண்டாம். அந்த டிரைவரை வெளியிலிருந்து இறக்கித் திரும்பப் போடுவது ஓட்டையைத் திரும்பத் திறப்பது. முதலில், கேம் நிறுவனமே கடைசியாக வெளியிட்ட பேட்ச் சிடி சோதனையை நீக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில கேம்களுக்கு அப்படி உண்டு. இல்லையென்றால் ஜிஓஜி கடையில் தேடுங்கள். அங்கே நகல் தடுப்பு இல்லாத பதிப்புகளே விற்கிறார்கள், இணையம் இல்லாமல் நிறுவும் கோப்பும் கிடைக்கும். தள்ளுபடி நேரத்தில் சினிமா டிக்கெட் விலைக்குக்கூட வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது வழி எனக்கு மிகப் பிடித்தது: ரசிகர்கள் புதிதாக எழுதிய திறந்தமூல இன்ஜின்கள். கமாண்ட் அண்ட் கான்கர், ரெட் அலர்ட் கேம்களுக்கு ஓப்பன்ஆர்ஏ, ரோலர்கோஸ்டர் டைகூன் 2-க்கு ஓப்பன்ஆர்சிடி2, சாகச வகைக் கேம்கள் பலவற்றுக்கு ஸ்கம்விஎம். பழைய எக்ஸ்இ கோப்பையே இவை தொடுவதில்லை. சிடியில் உள்ள படங்கள், ஒலி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கேமுக்கு இப்படி ஒன்று இருந்தால் ஐந்திலிருந்து ஏழு வரையிலான படிகளை மறந்துவிடலாம்.

9. கேம் ஓடுகிறது, ஆனால் தலைதெறிக்க ஓடுகிறது

பழைய கேம்கள் பல, ஒரு ஃபிரேம் (திரையில் ஒரு படம்) வரைந்தால் இவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. இன்றைய கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரையும்போது எல்லாம் கோணலாகிறது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டரை நிறுத்தினால் நீச்சல் ஆமை வேகத்துக்கு வருவது இந்த வகைதான். அதை 'ஆன்' நிலையிலேயே வையுங்கள். கேமுக்குள் அப்படி ஒரு தேர்வு இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டு நிரலில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் 60 என்று கட்டுங்கள், போதாவிட்டால் 30.

அதற்கும் அடங்காமல் திக்கித் திக்கி ஓடினால் டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலின் அஃபினிட்டியை (பிராசசரின் எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற அமைப்பு) ஒரே ஒரு கோருக்கு மாற்றிப் பாருங்கள். பல கோர்கள் இருக்கும் என்றே நினைக்காமல் எழுதப்பட்ட கேம்களுக்கு இது மருந்து.

10. கடைசி வழி: பழைய விண்டோஸையே ஓட்டுவது

பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் நிரல்) எக்ஸ்பி போட்டு, த்ரீ-டி கேம் ஓடவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸுக்கான த்ரீ-டி வேகம் பலவீனம். டூ-டி கேம்களுக்கும், ஐந்தாவது படியின் செட்டப் வேலைக்கும் அது போதும். விண்டோஸ் 98 காலத்து த்ரீ-டி கேம் என்றால் 86பாக்ஸ் பாருங்கள். அது பழைய மதர்போர்டிலிருந்து வூடூ கார்டு வரை எல்லாவற்றையும் நடித்துக்காட்டும். அதற்கு விலையாகப் புதுக் கம்ப்யூட்டரின் பிராசசரைக் கசக்கிப் பிழியும்.

பழைய கம்ப்யூட்டரையே கேமுக்காக வைத்துக்கொள்வதும் நல்ல முடிவுதான். நிபந்தனை ஒன்று: லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டது. விர்ச்சுவல் மெஷினிலும் நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள். கோப்புகளைப் பென்டிரைவிலோ ஐஎஸ்ஓவாகவோ உள்ளே கொண்டுபோகலாம். ஒவ்வொரு முறையும் தேதி தவறாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 தான், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

11. நண்பர்களோடு லேனில் ஆட

பழைய கேம்களில் ஐபிஎக்ஸ் என்ற இணைப்பு முறை இருக்கும். விஸ்டாவிலிருந்து விண்டோஸில் அது கிடையாது. விண்டோஸ் கேம்களுக்கு ஐபிஎக்ஸ்ரேப்பர் என்ற சிறு டிஎல்எல் தொகுப்பு அந்த வேலையைச் செய்யும், அதையும் எக்ஸ்இ பக்கத்திலேயே வைக்க வேண்டும். டாஸ்பாக்ஸில் ஐபிஎக்ஸ் உள்ளேயே இருக்கிறது, அமைப்புக் கோப்பில் 'ட்ரூ' என்று மாற்றினால் போதும்.

12. ஓடியதும் அப்படியே உறைய வையுங்கள்

கேம் சரியாக ஓடிய அன்றே, அதன் ஃபோல்டர் முழுவதையும் ஜிப் செய்து, சிடியிலிருந்து எடுத்த கோப்போடு சேர்த்து வெளி ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். நோட்டில் எழுதியதை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகத் தட்டி அதே ஃபோல்டரில் வையுங்கள்: எந்த டிக், எந்த டிஎல்எல், எந்தப் பதிப்பு, சீரியல் எண், சேவ் இருக்கும் இடம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நோட்டில் காய்கறிக் கணக்கு ஏறிவிடும், என் வீட்டில் ஏறியது.